உச்சந்தலையில் ஒரு கட்டி

நான் பேத்தாலஜிஸ்ட். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஃபார்மலின் பாட்டிலும் அதோடு வரும் படிவமும்தான் எனக்குத் தெரியும். "உச்சந்தலையில் கட்டி. கொழுப்புக் கட்டியாக இருக்கலாம்" என்று ஒரு படிவம் வந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செதிள் செல் புற்றுநோய். அது தோலிலும் வரக்கூடியதுதான். ஆனால் இங்கே மேல்தோல் பழுதின்றி இருந்தது. புற்று அடியில், ரத்தக் குழாய்களுக்குள் கிடந்தது. வேறெங்கோ பிறந்து வந்தது.

சர்ஜனுக்குப் போன் செய்தேன்.

"அந்தம்மாவுக்கு முன்னாடி கேன்சர் ஏதாவது இருந்துச்சா, சார்?"

"அப்படி எதுவும் சொல்லலையே, மேடம்."

மறுநாள் மகள் மஞ்சப்பையில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்தார். நாலு வருஷத்துக்கு முன் கருப்பைவாய்ப் புற்றுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்திருக்கிறார்கள். "தலையில வந்த கட்டிக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி.

இந்த நோய் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில்தான் பரவும்: பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பை, மலக்குடல். நிணநீர் வழியே இடுப்பிலிருந்து மேலேறி இடது காறை எலும்புக்கு மேல் கழலையாகத் தலைகாட்டுவதும் உண்டு. ரத்தத்தில் கலந்தால் நுரையீரல், கல்லீரல், எலும்பு. மூளைக்குப் போவது அரிது. இதயம், தசை, மார்பகம், தலைத்தோல் எல்லாம் அதைவிட அரிது. மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிக் குறிப்புகளாகத்தான் வரும்.

இடுப்பு ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் போய் நுரையீரலில் நுழையும். அந்தச் சல்லடையில் புற்றுச்செல்கள் பெரும்பாலும் சிக்கிவிடும். சிக்காமல் தப்பியவை உடலெங்கும் போகலாம். குறுக்குவழியும் ஒன்று இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டி இடுப்பிலிருந்து மண்டையோடு வரை ஓடும் சிரைகளுக்கு வால்வு கிடையாது. இருமினால், முக்கினால் ரத்தம் எதிர்த்திசையிலும் போகும். 1940-ல் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் இதை விளக்கினார்.

ஊகம் ரிப்போர்ட் ஆகாது. கருப்பைவாய்ப் புற்றில் ஏறக்குறைய எல்லாமே ஹெச்பிவி வைரஸால் வருபவை. 16, 18 என்ற இரு வகைகள் மட்டும் சுமார் 70 சதவீதம். இந்த வைரஸ்தான் காரணம் என்று கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் கிடைத்தது. புற்றுச்செல் எவ்வளவு தூரம் போனாலும் வைரஸின் மரபணுவைச் சுமந்தே போகும். தலைக்கட்டியில், ஹெச்பிவி இருக்கலாம் என்று சுட்டும் பி16 சாயம் அடர்த்தியாகப் பிடித்தது. அது மட்டும் போதாது, டான்சில் புற்றிலும் பிடிக்கும். ஹெச்பிவி 16 இருப்பது உறுதியாகி, பழைய ஸ்லைடும் ஒத்துப்போன பிறகுதான் கையெழுத்திட்டேன்.

ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. இந்தக் கட்டத்தில் தலைக்கட்டியை மட்டும் வெட்டி எடுத்துப் பயனில்லை. உடல் முழுக்கப் போய்ச் சேரும் கீமோவை ஆரம்பித்தார்கள். நோயை அடக்கிவைக்க, வலியைக் குறைக்க.