கொடுவா வரும் வாசல்

உவர்நீர்க் கரையிலே – 9

அமாவாசைக்கு மறுநாள். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி, முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே படகை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. படகுக்காரப் பெரியவர் உயிர் இறாலைத் தூண்டிலில் கோர்த்துவிட்டு, தங்கூசியை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். பேச்சில்லை. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.

'டப்' என்று ஒரு சத்தம். தண்ணீருக்கடியில் யாரோ கதவைச் சாத்தியதுபோல. கொடுவா இரையைத் துரத்திக் கடிப்பதில்லை. மறைந்து நின்று, வாயை ஒரே மூச்சில் அகலத் திறக்கும். தண்ணீரோடு இறாலும் உள்ளே போய்விடும். அந்தச் சத்தம்தான் அது. அடுத்த நொடி மீன் எகிறிக் குதித்துத் தலையை உதறியது. பெரியவர் விட்டுப் பிடித்தார். இழுத்தார், விட்டார். பத்து நிமிடத்தில் மூன்று கிலோ தேறும் ஒரு கொடுவா படகுக்குள் வந்து விழுந்தது.

"செவுள் பக்கம் கை வைக்காதீங்க தம்பி. பிளேடு மாதிரி அறுத்துடும்" என்றார். டார்ச்சை அடித்தேன். மீனின் கண் தணல்போலப் பொன்சிவப்பாக ஒளிர்ந்தது. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம். கண்ணுக்குள் போன வெளிச்சத்தை அது திரும்ப அனுப்புகிறது. கலங்கலிலும் இருட்டிலும் கொடுவா வேட்டையாடுவது இந்தக் கண்ணை வைத்துத்தான்.

அமெரிக்க மலை அணைகளில் வால்ஐ என்றொரு மீனைத் தூண்டில்காரர்கள் தேடிப் போவார்கள். அதற்கும் இதேபோல ஒளிரும் கண். கூடவே அவர்கள் தேடுவது பாஸ் மீன். நம் கொடுவாவையும் ஆங்கிலத்தில் சீ பாஸ் என்கிறார்கள். பெயரில் மட்டும்தான் உறவு, குடும்பம் வேறு. அந்த அணைகள் பலவும் மிக ஆழமானவை. பல இடங்களில் அரசாங்கமே குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து விடுகிறது. பழவேற்காடு ஏரி அப்படியல்ல. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். இங்கே மீனைக் கொண்டுவந்து விடுவது கடல். அது உள்ளே வரும் வாசல் இந்த முகத்துவாரம்.

கொடுவாவின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்த வாசலின் அருமை புரியும். முட்டையிடுவது கடலை ஒட்டிய உப்புத் தண்ணீரில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஓதம் உயரும் நாட்களில். பெரிய தாய்மீன் பல லட்சக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகளை ஏறும் தண்ணீர் ஏரிக்குள் கொண்டுவருகிறது. ஆழமில்லாத சேற்றுக்கரையும் பாசியும்தான் அவற்றுக்குத் தொட்டில். அங்கே இறாலும் மடவைக் குஞ்சும் தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் திரும்பக் கடலுக்குப் போகின்றன.

இன்னொரு விந்தையும் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் பருவமடைகிறது. மூன்று, நான்கு வயதில் ஆண். ஆறு வயதைத் தாண்டும்போது அதே மீன் பெண்ணாக மாறுகிறது. பெரிய மீனையெல்லாம் பிடித்துவிட்டால் தாய் இல்லை. சின்ன மீனையெல்லாம் பிடித்துவிட்டால் நாளைக்குத் தாயாக மாற ஆள் இல்லை. எங்கள் படகில் கிடந்தது அநேகமாக ஆண்தான். அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்தது. நாட்டுக்கே அது முதல் வெற்றி. இன்று பண்ணைக்காரர்களுக்குக் குஞ்சு கிடைக்கிறது. பெருசு சிறுசைத் தின்றுவிடும் என்பதால் அளவுவாரியாகப் பிரித்துப் பிரித்து வளர்க்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அந்தக் குஞ்சு பண்ணைக்குத்தான் போகிறது. ஏரியில் வலை போடுகிறவருக்கு முகத்துவாரம்தான் பொரிப்பகம்.

அந்த முகத்துவாரம் நிலையாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறு பெருகி வரும். மேலே பிச்சாட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறந்தால் வேகம் இன்னும் கூடும். அந்த வெள்ளம் மணலைத் தள்ளிக்கொண்டு போய் வாயைத் திறந்துவிடும். கோடையில் ஆறு வற்றியதும் கடல் மணலைக் கொண்டுவந்து குவிக்கும். வாய் ஒடுங்கும், சில வருடம் அடைத்தே போகும். உள்ளே கிடக்கும் தண்ணீர் வெயிலில் காய்ந்து கடலைவிட உப்பாகும். இறால் குறையும், கொடுவா வராது.

இறால் குறைந்தால் முதலில் அடிபடுவது யார்? ஏரிக்கரையில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. முகத்துவாரம் அடைத்த வருடத்தில் அந்தப் பறி காலியாகத்தான் வீடு திரும்பும்.

வாசலைத் தூர்வாருவது, கல் கொட்டிச் சுவர் எழுப்பி அது மூடாமல் பார்ப்பது என்று அரசு வேலை எடுத்திருக்கிறது. வேண்டிய வேலைதான். ஆனால் ஆற்றில் தண்ணீர் வராமல் கல் மட்டும் ஏரியைக் காப்பாற்றாது. மேலே அணையில் எவ்வளவு தேக்குவது, கீழே எவ்வளவு விடுவது என்று முடிவெடுக்கும்போது வயலோடும் குடிநீரோடும் சேர்த்து இந்த வாசலையும் கணக்கில் வைக்க வேண்டும். கடலுக்குப் போகிற தண்ணீர் வீணாகிறது என்கிறோம். பழவேற்காட்டில் அந்தத் தண்ணீர்தான் கொடுவாவுக்கு வழி திறக்கிறது.

கிழக்கு வெளுத்ததும் பெரியவர் படகை முகத்துவாரத்துக்கு விட்டார். நடு ஓட்டத்தில் நின்று, கழியைச் செங்குத்தாக இறக்கினார். சீக்கிரமே தரை தட்டியது. எடுத்து என் பக்கத்தில் நிறுத்தினார். ஈரம் என் இடுப்புவரை இருந்தது.

"மழைக்கு அப்புறம் இதே எடத்துல கழி முழுசா முங்கிச்சு தம்பி. இது மூடிட்டா ஏரி வெறும் குட்டை."

கழியில் ஈரம் காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினைக் கிளப்பினார்.

அடுத்த வாரம்: இன்றைக்கு எந்த வலை எந்த இடத்தில் என்பதை ஊர் கூடி முறை வைத்துத் தீர்மானிக்கும் 'பாடு'.

(தொடரும்)