வளரும் பிள்ளைக்கு எந்த அலைச்சறுக்குப் பலகை?

கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கு பழகும் பிள்ளைக்குப் பலகை வாங்கப் போகிறீர்களா? நீளத்தை விட முக்கியம் கனஅளவு: அது எத்தனை லிட்டர்?

ஏன்? ஆர்க்கிமிடிஸ் விதிதான். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1.025 கிலோ. 45 லிட்டர் பலகை முழுக்க அமிழ்ந்தால் ஏறத்தாழ 46 கிலோ நீரை விலக்கும். பலகையின் சொந்த எடை 4 கிலோ என்றால், மீதி 42 கிலோவை அது தாங்கும். 30 கிலோ பிள்ளை படுத்தால் பலகை நன்றாகவே மிதக்கும். கையால் துழாவும்போது நீரின் தடை குறைந்து, அலையின் வேகத்தை எட்டுவது எளிதாகும். மிச்சமுள்ள 12 கிலோதான் வளர்ச்சிக்கான இடம்.

"வளர்கிற பிள்ளை, பெரிதாகவே வாங்குவோம்" என்பது சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. அகலம் கூடினால் சின்னக் கைகள் இருபுறமும் நீரை எட்டாது. துழாவ முடியாதவர் அலையைப் பிடிக்க முடியாது. கனத்த பலகை அலையில் புரண்டு பிள்ளைமேலேயே மோதவும் கூடும்.

ஆகவே மேற்புறம் மென்மையான ஃபோம் பலகையே முதல் பலகை. கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். பலகைமேல் படுக்கவைத்து, இரு கைகளும் விளிம்பைத் தாண்டித் தாராளமாக இறங்குகின்றனவா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.