கம்பெனி மூடினால் முதல் பணம் யாருக்கு?

ஆலை வாசலில் பூட்டு தொங்குகிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. சில மாதங்கள் கழித்து, பெயரே கேள்விப்படாத ஒரு கணக்காய்வு நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்திலோ மலாயிலோ கடிதம் வருகிறது. பலர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

கடனில் மூழ்கிய நிறுவனத்தைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டால், அதன் சொத்தை விற்று, வரவேண்டியவர்களுக்குப் பங்கிட ஒருவர் நியமிக்கப்படுவார். அவர்தான் லிக்விடேட்டர். வேலை செய்துவிட்டுச் சம்பளம் கிடைக்காதவரும், சட்டப்படி அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்தான்.

யாருக்கு முதலில் என்ற வரிசை 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 527ஆவது பிரிவில் இருக்கிறது. முதலிடம் கலைப்புச் செலவுக்கு. லிக்விடேட்டரின் கட்டணமும் அதற்குள் அடக்கம். அதற்கடுத்ததுதான் தொழிலாளர் சம்பளம்: கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய நான்கு மாத வேலைக்கு, ஒருவருக்கு 15,000 வெள்ளி வரை. பழைய 1965 சட்டத்தில் இந்த வரம்பு வெறும் 1,500 வெள்ளி. விபத்து இழப்பீடு, விடுமுறைச் சம்பளம், சேமநிதி, அரசாங்க வரி எல்லாம் பின்னால் வரும்.

முதல் பங்கு அவருக்கா என்று கோபம் வரலாம். கட்டணம் உறுதியில்லை என்றால் யாரும் இந்த வேலையை எடுக்கமாட்டார்கள். சொத்தும் கிடந்து துருப்பிடிக்கும். பிரச்சினை அவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதில்தான். ஒரு பேச்சுக்கு, சொத்து விற்று 5 இலட்சம் வெள்ளி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 இலட்சம் கட்டணத்துக்கும் செலவுக்கும் போனால், மீதி 2 இலட்சத்தில்தான் உங்கள் சம்பளம்.

அதனால்தான் அவர் தம் கட்டணத்தைத் தாமே முடிவு செய்துகொள்ள முடியாது. ஆய்வுக் குழு இருந்தால் அதனுடன் பேசி உடன்பாடு காண வேண்டும். குழு இல்லை, அல்லது உடன்பாடு இல்லை என்றால், கடன் கொடுத்தவர்களின் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அங்கே வாக்களிப்போரின் கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்கு மட்டும் போதாது, ஆள் எண்ணிக்கையிலும் பாதி ஆதரவு வேண்டும். பெரிய தொகை வங்கியிடமும் சப்ளையர்களிடமும் இருக்கலாம். தலை எண்ணிக்கை பெரும்பாலும் தொழிலாளர்களிடம்தான். ஆனால் கடன் ஆதாரப் படிவம் கொடுத்து, அது ஏற்கப்பட்டவர்களுக்கே வாக்கு உண்டு. அலமாரியில் கிடக்கும் கடிதம் அதைத்தான் கேட்கிறது.

அங்கும் முடிவாகாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். இதில் அடிக்கடி பேசப்படுவது பிரிட்டனின் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் 1991இல் இறந்தபின் நடந்த வழக்கு. அவர் சொத்திலிருந்து ரிசீவர்கள் திரட்டியது சுமார் 1.67 மில்லியன் பவுண்டு. அவர்களும் வழக்கறிஞர்களும் கேட்ட கட்டணமும் செலவும் சுமார் 1.63 மில்லியன்! செலவழித்த மணி நேரத்தைக் கூட்டிக் காட்டினால் போதாது, அந்த வேலையால் என்ன பயன் என்பதையே பார்க்க வேண்டும், அதை நிரூபிப்பதும் கட்டணம் கேட்பவரின் பொறுப்பு என்று நீதிபதி ஃபெரிஸ் சொன்னார். சிங்கப்பூரில் 2004இல் ஈக்கோன் கார்ப்பரேஷன் வழக்கிலும் இந்த நெறி எடுத்தாளப்பட்டது.

ஆகவே கூட்டத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள்? பயிற்சி ஊழியர் செய்யக்கூடிய வேலைக்குப் பங்காளரின் கட்டணமா? இதுவரை எவ்வளவு பணம் திரட்டினார்கள்?

வங்கி நியமிக்கும் ரிசீவர் வேறு. அவர் அடமானச் சொத்தை விற்று முதலில் வங்கியின் கடனைத் தீர்க்க வருபவர்.

தொழிலாளர் பலராக இருந்தால் ஆளுக்கொரு படிவம் தேவையில்லை. மண்டோரோ வேறொருவரோ எல்லார் சார்பிலும் ஒரே ஆதாரப் படிவம் கொடுக்கலாம். பெயர், காலம், பாக்கித் தொகையைப் பட்டியலிட்டால் போதும். கூட சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் போட்டிருக்கும் கடைசித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.