சொல் மாறினால் உருபும் மாறும்

உட்கார் தம்பி, டீயைக் குடித்துக்கொண்டே உன் பத்தியைப் பார்த்துவிடலாம். வேறு சொற்களில் எழுதச் சொன்னார்கள் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி மாற்றியிருக்கிறாய். அதனால்தான் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

‘வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு ஊரார் உதவினார்கள்’ என்று மூலத்தில் இருக்கிறது. நீ ‘உதவினார்கள்’ இருந்த இடத்தில் ‘காப்பாற்றினார்கள்’ என்று போட்டாய். ‘உதவு’ என்றால் ‘கு’ உருபு வரும்; ‘காப்பாற்று’ என்றால் ‘ஐ’ வர வேண்டும். ஆகவே ‘சிக்கியவர்களை’ என்று முன்னால் இருப்பதையும் திருத்தியாக வேண்டும். திருத்தினாலும் பொருள் ஒன்றாகிவிடாது. சாப்பாடு கொடுப்பதும் உதவிதான். காப்பாற்றுவது உயிரை மீட்பது. அடுத்த வாக்கியம் சோற்றுப் பொட்டலத்தைப் பற்றிப் பேசுகிறதே, அது இப்போது அந்தரத்தில் நிற்கிறது. தமிழில் வாக்கியத்தை ஆள்வது வினை. கடைசியில் இருக்கும் அதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வா.

ஒரு பொருளுக்குப் பல சொல் வேண்டுமானால் பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் இருக்கின்றன. எதுகை மோனைக்குச் சொல் தேடும் புலவருக்கு அவை பெரிய துணை. ஆனால் எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை மரபுதான் சொல்லும். தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர்கள் 9 சொல்லி, எது எந்த உயிருக்கு உரியது என்று பொறுமையாகப் பிரித்துத் தருகிறது. நாய்க்குக் குருளை, ஆட்டுக்கு மறி, பறவைக்குப் பார்ப்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நன்னூல் வினைக்கும் இப்படி ஒரு விதி வைத்திருக்கிறது. சோற்றை உண்பது, பாலைப் பருகுவது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பொதுவான வினை வேண்டும். ‘சோறும் பாலும் உட்கொண்டான்’ சரி. ‘பருகினான்’ என்று முடித்தால் சோற்றுக்கு வினையே இல்லை.

இன்னொன்று. ‘ஏரி’ என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் ‘குளம்’, அதற்கடுத்து ‘தடாகம்’ என்கிறாய். படிப்பவர் மூன்று நீர்நிலைகள் என்றே நினைப்பார். கட்டுரை எதைப் பற்றியதோ அந்தச் சொல்லைத் தொடாதே. திரும்பத் திரும்ப வருவது உறுத்தினால் எடுத்துவிடு. ‘ஏரி நிரம்பியது. ஏரி உடைந்துவிடும் என்று மக்கள் பயந்தார்கள்’ என்பதை ‘ஏரி நிரம்பி, எங்கே உடைந்துவிடுமோ என்று ஊரே பயந்தது’ என்று எழுதலாம். இரண்டாவது ‘ஏரி’ இல்லாமலே பொருள் தெளிவாக நிற்கிறது.

இப்போது முதல் வரியிலிருந்து வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடு, பார்ப்போம்.