பழைய பைக் மீட்டருக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நினைவுக்கு வரும். இவை எதுவும் இல்லாத ஒரு கம்ப்யூட்டரை அப்பாவின் பைக்கில் பொருத்தியிருக்கிறேன். அது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

பைக், ராஜ்தூத் 350. யமஹா ஆர்.டி.350 வண்டியின் இந்திய வடிவம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். இதிலுள்ள டேக்கோமீட்டர், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது (ஆர்.பி.எம்.) என்று காட்டும்.

பழைய முறை

இன்ஜினிலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் அருகிலுள்ள அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுக்கும். இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கேபிள் தேய்ந்துவிட்டதால் எங்கள் வண்டியில் முள் ஆடிக்கொண்டே இருந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டினோமா என்று தெரியாமல் ஓட்டினால் இன்ஜினுக்கு ஆபத்து. உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு பிஸ்டன் தேடி அலைவது எளிதல்ல.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "மீட்டரோட முகம் மாறக்கூடாதுப்பா." எனவே பழைய சாமான் கடையில் பழுதான இன்னொரு மீட்டரை வாங்கி அதில் வேலை செய்தேன். ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது. முக்கியமான பைலை பேக்கப் எடுத்து வைப்பது போலத்தான்!

புதிய முறை

உள்ளே இருப்பது ஆர்டுயினோ நானோ. வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், ராம் மெமரி வெறும் 2 கிலோபைட். யு.எஸ்.பி. மூலம் பிசியில் இணைத்து புரோகிராமை ஏற்றலாம்.

இன்புட்: இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில். டூ ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஒரு தீப்பொறி. ஒரு காயிலின் துடிப்புகளை எண்ணினால் போதும். ஆனால் பாயின்ட் திறக்கும்போது காயிலில் சில நூறு வோல்ட் எழும்; போர்டு தாங்குவதோ 5 வோல்ட். அதனால் நடுவில் ஆப்டோகப்ளர் என்ற சில்லு. துடிப்பு ஒளியாக மாறித்தான் போர்டுக்குச் செல்லும்.

பிராசஸ்: 6000 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 100 சுற்று. அதாவது துடிப்புகளுக்கு இடையே 10 மில்லி செகண்ட். பாயின்ட் அதிர்வதால் ஒரே துடிப்பு இரண்டாகத் தெரியலாம். எனவே 3 மில்லி செகண்டுக்குள் வரும் அடுத்த துடிப்பைப் புரோகிராம் ஒதுக்கிவிடும். ஒருமுறை தட்டினால் எழுத்து இருமுறை விழாமல் உங்கள் கீபோர்டும் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறது.

அவுட்புட்: சிறிய ஸ்டெப்பர் மோட்டார் பழைய முள்ளையே நகர்த்துகிறது.

சரிபார்ப்பது எப்படி?

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை டிரான்ஸ்பார்மர் மூலம் 6 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தால், முள் 3000-ல் நிற்க வேண்டும். நின்றது. மின்சார வேலை தெரிந்த ஒருவர் துணையுடன் இதைச் செய்யுங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: சிலவற்றில் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி, சிலவற்றில் சுற்றுக்கு ஒன்று. இதை அறியாமல் புரோகிராம் எழுதினால் மீட்டர் பாதியோ இரட்டிப்போ காட்டும். கம்ப்யூட்டர் சரியாகத்தான் கணக்குப் போடும். நாம் சொன்ன கணக்கைத்தான் போடும்.