புறனடைகளை எண்ணுதல்

தமிழிலக்கணம் பயின்றோர் புறனடை என்னும் சொல்லை நன்கறிவர். பொதுவிதி கூறிய நூலாசிரியர், அதனுள் அடங்காதவற்றைத் தழுவிக்கொள்ளப் புறனடை வகுப்பர். மென்பொருளுக்கும் இது பொருந்தும். பிழையான தரவு வந்துற்றாலும் இணைப்பு அறுபட்டாலும் அது வழக்கமான நெறியினின்று விலகும். அவ்விலகலைப் புறனடை எனலாம். அதனைக் கையாள ஏற்பாடு இல்லையாயின் கேடு பெரிதாகும். 1996 யூன் 4 இல் ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய ஏவூர்தி, தன் முதற் பயணத்தில் ஏறத்தாழ 37 விநாடிகளில் வழிதவறிச் சிதறியது. பெரிய எண்ணொன்றைச் சிறிய இடத்தில் அடக்க முயன்றபோது எழுந்த புறனடை கையாளப்படாமையே அதற்குக் காரணம்.

கையாண்டால் மட்டும் போதுமோ? போதாது. புறனடையை ஓசையின்றி விழுங்கிவிடும் மென்பொருள், தன் நோயை மறைக்கும் நோயாளியை ஒக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் எண்ணிவைத்தல் வேண்டும்.

எண்ணும் முறைக்கு அயலிலேயே சான்றுண்டு. களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையில் டெங்கு நோயாளி ஒருவர் சேர்ந்தால், அச்செய்தி அறிவித்தற் படிவத்தின் வாயிலாக அவர் வதியும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரியைச் சென்றடையும். பெயரும் முகவரியும் அப்படிவத்தில் இருக்கும். தொற்றுநோயியற் பிரிவின் வாராந்த அறிக்கையிலோ மாவட்டமும் தொகையுமே காணப்படும். 2017 இல் நோயுற்றோர் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என்பதை நாம் அறிவது அத்தொகைகளாலன்றோ?

2012 இல் தொடங்கப்பெற்ற புரொமீதியஸ் முதலிய கண்காணிப்புக் கருவிகளும் இந்நெறியினவே. புறனடை வகை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணி உண்டு. அது ஏறுமேயன்றி இறங்காது. மென்பொருள் மீளத் தொடங்கும்போது மட்டும் சுழியத்துக்குத் திரும்பும். கருவி குறித்த இடைவெளிகளில் அதனை வாசித்து, ஏற்றத்தின் வேகத்தைக் கணிக்கும்.

இங்கு மூன்று விதிகளைப் போற்றுதல் நன்று. முதலாவது, எண்ணிக்கு வகையும் இடமுமே அடையாளமாதல் வேண்டும். பயனர் பெயரையும் பிழைச்செய்தியையும் அடையாளமாக்கினால் எண்ணிகள் பல்கிக் கருவியின் நினைவகம் திணறும். அவ்விவரங்களுக்கு உரிய இடம் பதிவேடு. இரண்டாவது, தொகையை விகிதமாக நோக்குக. 100 வேண்டுகோள்களில் 10 பிழைப்பது பெருந்தவறு. 10,000 இல் 10 அத்தகையதன்று. மூன்றாவது, எண்ணியைத் தொடக்கத்திலேயே சுழியமாக வெளியிடுக. சுழியம் நலத்தைக் குறிக்கும். வெறுமையோ கண்காணிப்பே அற்றுப்போனதையும் குறிக்கலாம்.

வங்கியும் வைத்தியசாலையும் பரீட்சைப் பெறுபேறும் மென்பொருளை நம்பி நிற்கும் காலம் இது. கணினித்துறை புகும் நம் மாணவர், விதி வகுப்பதோடமையாது புறனடையையும் எண்ணக் கற்பாராக.