திரையில் இடும் கையொப்பம்

பத்திரத்தின் அடியில் ஒருவர் கையொப்பமிடும்போது, ‘இதனை அறிவேன், இதற்கு உடன்படுகிறேன்’ என்று உரைக்கிறார். எழுதப் படிக்க அறியாதோர் பெருவிரல் ரேகையைப் பதித்து அதனையே சொல்வர். கணினித் திரையிலும் அவ்வாறு சொல்ல இயலுமா? இயலும் என்கிறது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். ஆயினும், திரையில் கையெழுத்துப் போலத் தோன்றும் அனைத்தையும் அச்சட்டம் ஒன்றாகக் கருதவில்லை.

தாளில் இட்ட கையொப்பத்தைப் படமெடுத்து ஆவணத்தின் அடியில் ஒட்டி அனுப்புவோர் பலர். அப்படத்தை வேறொருவர் வெட்டியெடுத்து வேறோர் ஆவணத்திலும் ஒட்டிவிடலாம். அத்தகைய ஒப்பந்தங்கள் யாவும் செல்லாதவை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வழக்கு எழுந்தால், கையொப்பம் உரியவர் இட்டதே என்பதை நிறுவும் பொறுப்பு, அதனைச் சான்றாகக் காட்டுபவரையே சாரும்.

இலக்கமுறைக் கையொப்பம் முற்றிலும் வேறானது. இதில் கையெழுத்தின் வடிவமே தேவையில்லை. ஆவணம் முழுவதையும் கணித்து, கணினி ஒரு சுருக்க எண்ணைப் பெறுகிறது. கையொப்பமிடுபவர் மட்டுமே வைத்திருக்கும் தனித்திறவுகோல் என்னும் இரகசிய எண், அச்சுருக்கத்தைப் பூட்டுகிறது. அதற்கு இணையான பொதுத்திறவுகோலைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம். கடன் பத்திரத்தில் 20,000 என்றிருந்ததைப் பின்னர் ஒருவர் 2,00,000 என்று திருத்தினால் சுருக்க எண் மாறிவிடும். கையொப்பம் பொருந்தவில்லை என்று கணினி காட்டிவிடும். மையால் இட்ட கையொப்பத்திற்குக்கூட இவ்வாற்றல் இல்லை! திறவுகோல் இன்னாருடையது என்று சான்றளிக்கும் நிறுவனங்கள், நடுவண் அரசு அமர்த்திய கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்றவை.

தொடக்கத்தில் சட்டம் இம்முறை ஒன்றையே ஏற்றது. 2008ஆம் ஆண்டின் திருத்தம் பிற மின்னணு முறைகளுக்கும் வழிவிட்டது. ஆதார் வழியாக இடும் கையொப்பம் அவ்வழியில் வந்ததே. கைப்பேசிக்கு வரும் ‘ஓடிபி’ என்னும் ஒருமுறைக் கடவு எண்ணை உள்ளிட்டதும், அப்போதைக்கென ஒரு திறவுகோல் உருவாகிறது. கையொப்பம் முடிந்ததும் அழிக்கப்படுகிறது. ஆகவே, பெற்றோரின் கைப்பேசிக்கு வந்த அவ்வெண்ணை முன்பின் அறியாதவருக்குப் படித்துச் சொல்வது, அவர்களது கையொப்பத்தையே எடுத்துக் கொடுப்பதாகும்.

உயிலுக்கும் அறக்கட்டளைப் பத்திரத்திற்கும் இச்சட்டம் பொருந்தாது. ஊரில் வாழும் தாத்தா தம் நிலத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைக்க விரும்பினால், தில்லியிலிருந்து மகன் அனுப்பும் மின்படிவத்தில் ஒப்பமிடுவது போதாது. உயில் தாளில் எழுதப்பட வேண்டும். அதில் தாத்தா கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும். சாட்சிகள் இருவரும் தம் கையால் ஒப்பமிட வேண்டும்.